நேரக்கணிப்பாளர் தின்ற மூன்று உருண்டைகள்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கஞ்சா தின்றிருக்கிறேன். அது போதைப்பொருள் ஒழிப்பு வாரத்தில், அரச கடமை நேரத்தில், இருநூறு மாணவர்களுக்கு முன்னால் தலைக்கேறியது. (தின்றேன் என்றுதான் சொல்கிறேன், குடித்தேன் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை ஒன்பது வருடமாக எல்லோருக்கும் விளக்கி வருகிறேன். ஒருவரும் காதில் வாங்குவதாக இல்லை.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். ஈச்சிலம்பற்றில் பிறந்து வளர்ந்த நான், எங்கள் பக்க வழக்கப்படி மனைவி சுகந்தியின் சீதன வீட்டுக்குப் பாலையூற்றில் குடிவந்திருந்தேன். கல்யாணம் பேசிய தரகருக்கு என்னைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு சிறப்புத்தான் கிடைத்தது. மாப்பிள்ளையின் படிப்பு சுமார், சம்பளம் சுமார், உயரம் சுமாருக்கும் கொஞ்சம் கீழே. ஆனால் சிகரெட் இல்லை, சாராயம் இல்லை, வெற்றிலை கூட இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மாமா சம்மதித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாமா துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே இருந்துகொண்டு கீழே நிற்பவர்களை ஏசிப் பழகிய குரல். ஒழுங்கையில் நின்று சிகரெட் பிடிக்கும் பொடியன்களைத் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் ஓய்வுக்குப் பிறகு ஆள் கனிந்துவிட்டதாக வீட்டில் எல்லோருக்கும் ஒரு சந்தோசம். பின்னேரம் மூட்டு வலிக்கு ஏதோ நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டு, சாய்மனைக் கதிரையில் இருந்து ஏழு மணிச் செய்தியைப் பார்த்து மெல்லமாகச் சிரிப்பார். விலைவாசி ஏறினாலும் சிரிப்பார், அமைச்சரவை மாறினாலும் சிரிப்பார். மாமி அதைத் தன் விரதங்களின் பலன் என்று நம்பியிருந்தா.

இந்த வீட்டில் எனக்கு மிகவும் வேண்டியவள் என் மச்சாள் நிரோஜா. சுகந்தியின் தங்கை. அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சுப் போட்டி என்றால் உயிர். அதற்கு முந்தின வருடம் மாவட்ட மட்டத்தில் முதலாம் இடம் வரவேண்டியவள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஏழு வினாடி பேசிவிட்டாள் என்று புள்ளி வெட்டப்பட்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தாள். அந்த ஏழு வினாடியைப் பற்றி அவள் பேசாத நாள் இல்லை. அதைப் பற்றிப் பேசிய நேரத்தைக் கூட்டினால் நாலைந்து பேச்சுப் போட்டி வைக்கலாம்.

அந்த வருடப் போட்டியை நான் வேலை செய்யும் அரச அலுவலகம் நடத்தியது. தலைப்பு, போதைப்பொருள் உடலையும் மனதையும் என்ன செய்கிறது என்பது. எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான பாறூக் சேர், கிண்ணியாக்காரர், பொறுமையான மனிதர், என்னை நேரக்கணிப்பாளராகப் போட்டார். நான் ஒருவன்தான் தினமும் எட்டரைக்கு முன்னர் கையெழுத்து வைக்கிறவன் என்பது அவருடைய நியாயம். என் மச்சாள் போட்டியிடுகிறாள், அது சரிவராது என்று சொல்லிப் பார்த்தேன். "மணிக்கென்ன தம்பி சொந்தமும் பந்தமும்? நேரம் வந்தா அடிக்கிறதுதானே" என்றார்.

வேலை அவ்வளவுதான். நாலாம் நிமிடம் ஒரு மணி, எச்சரிக்கை. ஐந்தாம் நிமிடம் இரண்டு மணி, முடிவு. ஒரு தாளில் ஒவ்வொருவரும் பேசிய நேரத்தை எழுதவேண்டும். ஆறு வயதுப் பிள்ளையும் செய்யும். நிரோஜாவுக்கோ பெரிய நிம்மதி. மூன்று மாதமாக வீட்டில் அவள் பேச, நான் ஸ்டொப் வோட்சைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் டம்ளரில் தட்டிப் பழக்கியிருந்தேன். "நீங்கள் மணி அடிக்கிறதெண்டால் எனக்குப் பயமில்லை, அத்தான்" என்றாள்.

போட்டி நாள் வெள்ளிக்கிழமை. சுகந்தி இறக்கக்கண்டிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், விடியவே பஸ் ஏறிவிட்டாள். நிரோஜா தன் ஆசிரியையுடன் முன்னரே போய்விட்டாள். மாமி கோயிலில். மாமா வளவில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாமி வந்துதான் சாப்பாடு. எனக்கோ பசி. புது மருமகன் குசினிக்குள் போய்ச் சாப்பாடு தேடுவதென்றால் மாமியார் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். மாமாவைக் கேட்கலாம். கிரேன் ஓட்டிய மனிதரிடம் பசிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு நாலு மாதத்தில் நான் வளர்ந்திருக்கவில்லை. ஆகவே பூனை நடை நடந்து குசினி அலுமாரியைத் திறந்தேன்.

உள்ளே ஒரே மாதிரி இரண்டு பால்மா டின். ஒன்றில் மாமி இடித்து உருட்டி வைத்த எள்ளுப்பாகு இருப்பது தெரியும். எந்த டின் என்பதுதான் தெரியாது. முதலில் கைக்கு வந்ததைத் திறந்தேன். கறுப்பாக, நெய் மினுக்கத்தோடு, தேசிக்காய் அளவில் உருண்டைகள். ஒன்றை வாயில் போட்டேன். நெய், ஏலம், சாதிக்காய், அடியில் ஒரு சின்னக் கசப்பு. மாமி இந்த முறை சரக்குக் கூடப் போட்டிருக்கிறா என்று மனதுக்குள் பாராட்டினேன். பாராட்டு உண்மையானதாக இருக்கவேண்டும் என்று இன்னும் இரண்டு தின்றேன். குறைந்தது தெரியாமல் இருக்க மிச்சத்தைப் பரத்தி அடுக்கிவிட்டு (அந்த நேர்த்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்) மீசையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மண்டபம் துறைமுகப் பக்கமாக இருந்தது. நடுவர் மேசைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சின்ன மேசை, அதன் மேல் தலையில் தட்டினால் அடிக்கும் மணி, ஸ்டொப் வோட்ச், தாள். பிரதம நடுவர் ஓய்வு பெற்ற அதிபர், சால்வை போட்டவர். பிரதம அதிதி வழமை போலப் பிந்தி வந்தார். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடியும்போது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் குடித்தேன். பிறகு நடுவர்களின் போத்தல் மூன்றையும் குடித்தேன். வாய் காய்ந்தபடியே இருந்தது. வெக்கை என்று நினைத்தேன்.

முதலாவது மாணவன் ஏறினான். பிரதம அதிதி அவர்களே, நடுவர்களே, அதிபர்களே, ஆசிரியர்களே என்று தொடங்கினான். அவர்களே அவர்களே என்று போய்க்கொண்டே இருந்தான். ஒரு பிள்ளை இவ்வளவு நேரம் வணக்கம் சொல்வதை நான் கண்டதில்லை. பொறுத்துப் பார்த்தேன். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும், நான்தான் அசந்துபோனேன் என்று பதறி இரண்டு மணியையும் சேர்த்து அடித்துவிட்டேன். பொடியன் வாயைத் திறந்தபடி நின்றான். ஸ்டொப் வோட்சைப் பார்த்தேன். நாற்பது வினாடி. கருவி பழுது என்று முடிவெடுத்தேன். அந்த நிலையில் என் புத்தி எடுத்த முடிவுகளில் அது ஒன்றுதான் ஓரளவு ஒழுங்கானது.

இரண்டாவது ஒரு மூதூர்ப் பிள்ளை. நன்றாகத் தயார் செய்து வந்திருந்தாள். கஞ்சா உடலுக்குள் போனால் முதலில் வாய் உலரும் என்றாள். எனக்கு ஒரு சின்னத் திடுக்கம். கண்கள் சிவக்கும் என்றாள். மணியின் பித்தளைத் தலையில் என் முகம் தெரிந்தது, கண்கள் இரண்டும் செவ்வரத்தம் பூ நிறம். இதயம் படபடவென்று அடிக்கும் என்றாள். கையை வைத்துப் பார்த்தேன், அடித்தது. நேரம் போவது பற்றிய உணர்வு குழம்பும் என்றாள். இந்தப் பிள்ளைக்கு என்னைப் பற்றி யார் சொன்னது என்று யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனையில் மணியை மறந்துபோனேன். அவள் ஐந்து நிமிடத்தில் முடித்து, மணி கேட்காததால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி, ஒன்பதாம் நிமிடத்தில் குரல் கம்மித் தானாகவே இறங்கிப் போனாள்.

மூன்றாவது மாணவன், போதையால் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன என்று உருக்கமாகச் சொன்னான். எனக்கு எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் நடுத்தெருவுக்கு வருவது கண்ணில் தெரிந்தது. மாமா சாய்மனைக் கதிரையோடு வந்தார். மாமி அலுமாரியைத் தள்ளிக்கொண்டு வந்தா. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டைப்பையில் இருந்த கைலேஞ்சியை எடுத்து வாய்க்குள் திணித்தேன். தோள் இரண்டும் குலுங்குவதைப் பார்த்த ஓர் ஆசிரியை, நான் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிவிட்டுப் போனா. நாலாவது பேச்சுக்கு நான் எந்தச் சாட்சியும் சொல்ல ஏலாது. அந்த நேரம் முழுவதும் நடுவர்களுக்கு மூடி வைத்திருந்த சிற்றுண்டித் தட்டுக்குள் இருந்தேன்.

பிறகு பயம் வந்தது. அதைப் பகிடியாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை. நெஞ்சு அடிக்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்பதாகத் தோன்றியது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், நான் சாகப்போகிறேன், அதுவும் தெரிந்துதான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். வாசலில் ஒரு மான் வந்து நின்று, தோரணத்தில் கட்டியிருந்த வாழையிலையைக் கடித்தது. எங்கள் ஊரில் மான் றோட்டில் நிற்கும், கடைக்குள் வரும், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு அது என்னைக் கூட்டிப்போக வந்திருப்பதாக நான் முழு மனதோடு நம்பினேன். சுகந்தியிடம் சொல்லாமல் போகிறேனே என்று கண் கலங்கியது.

அப்போதுதான் நிரோஜாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

செத்தாலும் இந்தப் பிள்ளைக்குச் சரியாக மணி அடித்துவிட்டுச் சாகவேண்டும் என்று உறுதி எடுத்தேன். ஸ்டொப் வோட்சை அமத்தி, கண்ணுக்கு நேரே பிடித்து, மறு கை விரலை மணிக்கு மேல் வைத்துக்கொண்டேன். இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வந்து, இருந்து, இளைப்பாறி, பிறகுதான் போனது. ஒரு நிமிடமும் பதினொரு வினாடியும் ஆகும்போது அந்தப் பதினொன்று எவ்வளவு அழகான இலக்கம் என்று எனக்கு முதல் தடவையாகப் பட்டது. அதிலேயே நின்றுவிட்டேன்.

மேடையில் நிரோஜா அறிகுறிகளைச் சொல்லத் தொடங்கினாள். கண் சிவக்கும் என்று சொல்லும்போது தற்செயலாக என்னைப் பார்த்தாள். வாய் உலரும் என்று சொல்லித் திரும்பவும் பார்த்தாள். மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றுவிட்டாள். மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பேச்சில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. பிறகு மூச்சை எடுத்து, மிச்சத்தை ஒரு சொல் பிசகாமல் முடித்தாள். முடித்துவிட்டு மணிக்காகக் காத்திருந்தாள். விரல் மணிக்கு மேலேதான் இருந்தது. மணியும் விரலுக்குக் கீழேதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் நடக்கவில்லை.

நிரோஜா மேடைப்படியில் இறங்கி என் மேசைக்கு வந்தாள். மணியைத் தானே இரண்டு தரம் அடித்தாள். திரும்ப ஏறிப்போய், "நன்றி, வணக்கம்" என்றாள். இறங்கி வரும்போது என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அத்தான், எந்த டின்னில எடுத்தனீங்கள்?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தத் தலைப்புக்காக மூன்று மாதம் படித்தவள், முதல் வாரத்திலேயே தகப்பனின் மூட்டு மருந்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். அப்பா சிரிக்கிறார், அம்மா சந்தோசமாக இருக்கிறா என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பிரதம நடுவர் எழுந்தார். போட்டியாளர் பேச்சு முடியுமுன் மேடையை விட்டு இறங்கி மணியைத் தொட்டது விதிக்கு மாறு, ஆகவே அவர் நீக்கப்படுகிறார் என்றார். நிரோஜா என்னைக் கை காட்டியிருக்கலாம். ஒரு வசனம் போதும். அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். தகப்பனின் பெயரும் என் வேலையும் அந்த உதட்டுக்குள் இருந்தன என்பது, அந்தக் கலக்கத்திலும் எனக்கு விளங்கியது.

எழுந்து மைக்குக்கு நடந்தேன். எட்டு அடி இருக்கும். நான் நடந்த நேரத்துக்குள் மூதூருக்குப் போய் வந்திருக்கலாம். என் நினைவில் நான் அங்கே நீண்ட ஓர் உரை ஆற்றினேன். உடலைப் பற்றியும், மனதைப் பற்றியும், அந்தப் பிள்ளையின் மூன்று மாத உழைப்பைப் பற்றியும், சபை கண்ணீர் விடும்படியாக. பாறூக் சேரின் சாட்சியம் வேறு. நான் சொன்னது மொத்தம் இரண்டு வசனமாம்.

"நிரோஜாவில ஒரு பிழையும் இல்லை. நான் வெறியில நிக்கிறன்."

அதைச் சொல்லி முடிக்க எனக்கு நாலு நிமிடம் எடுத்ததாம். சொல்லுக்குச் சொல் அவ்வளவு இடைவெளி. பிரதம அதிதி இதை விழிப்புணர்வு நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார். நடிப்பு இயல்பாக இருந்தது என்று பாறூக் சேரிடம் பாராட்டியும் போனார். பாறூக் சேர் மறுக்கவில்லை. (அந்த ஒரு மௌனத்தால்தான் நான் இன்றைக்கும் அரச ஊழியன்.) பிரதம நடுவர் மட்டும் என் தாளை வாங்கிப் பார்த்தார். நேரம் எழுதவேண்டிய கட்டங்களில், முதலாமவருக்கு "பழுது", இரண்டாமவருக்கு "போதும்", மூன்றாமவருக்கு "பஸ்", நாலாமவருக்கு "வடை 5" என்று என் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. நிரோஜாவின் கட்டத்தில் 11 என்ற இலக்கத்தை வரைந்து, சுற்றிவரப் பூப் போட்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போட்டி செல்லாது, அடுத்த வெள்ளி திரும்ப நடக்கும் என்று அறிவித்தார்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமா டின்னோடு வந்தார். டொக்டர், அப்போதுதான் படிப்பு முடித்து வந்த ஒரு சின்னப் பொம்பிளைப் பிள்ளை, மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இது கஞ்சா இலையை நெய்யில் வறுத்துச் சேர்க்கிற உருண்டை, இதை யார் சாப்பிடுகிறது என்று கேட்டா. கிரேன் ஓட்டிய மாமா முதல் தடவையாகக் குரல் இறங்கி, "மூட்டு வலிக்கு... ஒரு சுண்டங்காய் அளவு" என்றார். டொக்டர் என்னைப் பார்த்தா. நான் மூன்று விரலைக் காட்டினேன். பிறகு உருண்டையின் அளவையும் காட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள், இறங்கிவிடும், ஆனால் இனி இதைத் தொடவேண்டாம், இதயம் பலவீனமான ஆளாக இருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றா. இரண்டு நாள் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. யாராவது கதைத்தால் வசனத்தின் தொடக்கம் மறந்துபோகும். மூன்றாம் நாள்தான் என் பெயரும் விலாசமும் ஒழுங்காகச் சேர்ந்து வந்தன.

மாமா அந்த மருந்தை அன்றோடு விட்டார். தான் தின்பது என்னவென்றே தெரியாமல் ஒழுங்கைப் பொடியன்களைத் திருத்தி வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. மூட்டு வலி திரும்பி வந்தது, கூடவே கிரேன் குரலும் வந்தது. செய்தி தொடங்கினால் இப்போது நாலு வீட்டுக்குக் கேட்க ஏசுகிறார். மாமி என்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. "நீங்கள் அதைத் தின்னாமல் இருந்திருந்தால் அந்த மனிசன் இண்டைக்கும் சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கும்" என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவா.

அடுத்த வெள்ளி போட்டி நடந்தது. என்னை மண்டபப் பக்கம் விடவில்லை. நிரோஜா பேச்சில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருந்தாள். போதை என்ன செய்யும் என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை, ஒரு மனிதரில் கண்டேன் என்று தொடங்கி, அந்த மனிதர் தண்ணீர் குடித்தது, நாற்பது வினாடியைப் பத்து நிமிடம் என்று நினைத்து மணி அடித்தது, சிரித்தது, நடுவர்களின் வடையைத் தின்றது, மானைப் பார்த்துக் கும்பிட்டது (கும்பிட்டேனாம்) எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கடைசியில் ஒரு வசனம். தன் மானம் போனாலும் ஒரு பிள்ளையின் உழைப்பு போகக்கூடாது என்று அவர் எழுந்து நின்றார், அவரைப் போல நேர்மையான ஒருவரை நான் கண்டதில்லை என்று. ஐந்து நிமிடத்துக்கு மூன்று வினாடி முன்னர் முடித்து முதலாம் இடம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டியபோது நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். அழுகை வந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பகுதி எங்கள் குடும்பத்தின் சொத்து. கல்யாண வீடு, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது கேட்பார்கள், நிரோஜா எழுந்து சொல்லுவாள். போன மாதம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. இரண்டாம் வகுப்பு. சித்தி எழுதிக் கொடுத்திருக்கிறா என்று கூடத்தில் நின்று எனக்குச் சொல்லிக் காட்டினாள். அதே மனிதர், அதே தண்ணீர், அதே நாற்பது வினாடி, அதே வடை, அதே மான். வடையோடும் மானோடும் முடித்து "நன்றி, வணக்கம்" என்றாள்.

கடைசி வசனம் எங்கே என்று கேட்டேன்.

"அது வராது அப்பா. எங்களுக்கு ரெண்டு நிமிசம்தான். சித்தி வெட்டிட்டா."

அந்த வசனம் இல்லாவிட்டால் அந்த மனிதர் கவலைப்படமாட்டாரா, அவரைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிடம் போதுமா என்று கேட்டேன்.

"அவருக்கு ரெண்டு நிமிசமே நிறைய நேரம்தானே, அப்பா" என்றாள்.